விழுந்தவரைத் தாங்கிய கை
(அருணகிரிநாதர் வரலாறு)



பரிசளிப்பு விழா மலர் என்றால் பெரியவர் ஒருவருடைய வரலாறு இருக்கத்தான் வேண்டும். வழக்கமாக என்ன எழுதுவோம்? சின்ன வயதிலிருந்தே நன்றாகப் படித்தார், பெற்றோர் சொல்லைத் தட்டவில்லை, அதனால் உயர்ந்தார் என்று எழுதுவோம். நல்லதுதான். ஆனால் இந்த வருஷம் வேறு மாதிரி ஒருவரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். இளமையில் இவருக்கு யாரும் பரிசு கொடுத்திருக்க மாட்டார்கள். ஊரே இவரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். அப்படிப்பட்டவர் பாடிய பாட்டைத்தான் இன்று கேமரன் மலையிலே நம்ம கோயில்களிலும், ஈப்போ கல்லுமலையிலும், பத்துமலையிலும் கைகூப்பி நின்று கேட்கிறோம். அவர்தான் திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர்.

காலமும் ஊரும்

அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். விஜயநகரப் பேரரசின் பிரபுடதேவராயன் என்ற மன்னனைத் தம் பாடலில் குறிப்பிடுகிறார். அதை வைத்துத்தான் காலத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள். மாணவர்களே, சரித்திரப் பாடத்தில் மலாக்கா சுல்தான்களைப் பற்றிப் படிக்கிறீர்கள் இல்லையா? அங்கே மலாக்காத் துறைமுகம் கப்பல்களால் நிறைந்துகொண்டிருந்த அதே நூற்றாண்டில், இங்கே திருவண்ணாமலையில் நம் அருணகிரியார் இருந்தார்.

அவர் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைப்பது இரண்டு வகை. ஒன்று, அவருடைய பாடல்கள். அவற்றில் தம் குற்றங்களைத் தாமே எடுத்துச் சொல்லி, தகுதி இல்லாத தன்னையும் முருகன் ஆட்கொண்டான் என்று உருகுகிறார். மற்றொன்று, பிற்காலத்தில் புராணமாக எழுதப்பட்டதும் மக்கள் வாய்வழி வந்ததுமான கதைகள். திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள் (1906–1993) போன்றவர்கள் மேடைதோறும் சொன்ன கதை அதுதான். டி. எம். சௌந்தரராஜன் நடித்து 1964-இல் வந்த ‘அருணகிரிநாதர்’ படமும் அதைத்தான் காட்டியது. இனி நான் சொல்லப்போவதும் அந்த வழக்கில் வந்ததே. எது பாட்டில் உள்ளது, எது கதையில் உள்ளது என்று பிள்ளைகள் பிரித்தறிந்துகொள்வது நல்லது.

அக்காள் வளர்த்த பிள்ளை

தாய் இல்லாத அருணகிரியை அக்காள்தான் வளர்த்தாள் என்பார்கள். தம்பி மேல் உயிர். கேட்டதையெல்லாம் கொடுத்தாள். நல்ல தமிழ் படித்தவன், கூர்மையான புத்திக்காரன். ஆனால் கூட்டுறவு கெட்டது. பெண்ணாசையிலே விழுந்தான். வீட்டுப் பணம் போயிற்று, நகை போயிற்று, பாத்திரம் பண்டமும் போயிற்று. உடம்பிலும் நோய் வந்து ஒட்டிக்கொண்டது. அப்போதும் அவன் அக்காளிடம் வந்து பணம் பணம் என்றுதான் நின்றான். கொடுக்க இனி ஒன்றுமில்லை என்ற நிலையில், அந்தப் புண்பட்ட மனுஷி ஒரு சொல் சொன்னாள். அந்தச் சொல் அவனைச் சுட்டது. தான் யாருடைய உயிரை அணு அணுவாகத் தின்றுகொண்டிருந்தோம் என்று அன்றைக்குத்தான் அவனுக்கு விளங்கிற்று.

பெற்றோர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். இந்தக் கதை நமக்குப் புதுசா? திருவண்ணாமலையில் மட்டுமா நடந்தது? சம்பள நாள் ராத்திரி சம்சுக்கும் பீருக்கும் போன பணம் எத்தனை, நம்பர் எடுத்துத் தொலைத்த பணம் எத்தனை! பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வைத்த காசை எடுத்துப்போனவர்கள் இல்லையா? வாசலிலே விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு விடிய விடியக் காத்திருந்த அக்காள்மார்களும் அம்மாமார்களும் நம்ம லயங்களிலும் இருந்தார்கள்.

கோபுரத்திலிருந்து

வெட்கம் தாங்காத அருணகிரி அண்ணாமலையார் கோயில் கோபுரத்தின் மேல் ஏறி, உயிரை விடக் குதித்தார் என்பது கதை. இன்று நாம் போனால் முதலில் கண்ணில் படுகிற 217 அடி ராஜகோபுரம் அன்றைக்கு இல்லை. அது 16-ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் காலத்து வேலை. அருணகிரியார் குதித்ததாகச் சொல்வது உள்ளே இருக்கும் வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து. அதன் பக்கத்திலே கோபுரத்து இளையனார் என்று ஒரு முருகன் சந்நிதி இருக்கிறது. விழுந்தவரை முருகன் இரு கையாலும் தாங்கிக்கொண்டான், நாவிலே வேலால் மந்திரம் எழுதினான், பாடு என்று சொல்லி முதல் அடியும் எடுத்துக் கொடுத்தான் என்பது நம்பிக்கை.

இதிலே ஒன்றைக் கவனியுங்கள். முருகன் எப்போது வந்தான்? அருணகிரி திருந்தி, நோய் தீர்ந்து, நல்ல வேட்டி கட்டி, கோயிலுக்கு மாலை வாங்கிக்கொண்டு போன பிறகா? இல்லீங்க. விழுந்துகொண்டிருக்கும்போதே வந்தான். கையிலே ஒரு நல்ல காரியம்கூட இல்லாத நேரத்தில் வந்தான். மனிதர் நாம் கணக்குப் பார்த்துத்தான் அன்பு செலுத்துகிறோம். இவன் இவ்வளவு செய்தான், நாம் இவ்வளவு செய்வோம் என்கிறோம். ஆண்டவன் அருள் கூலிக் கணக்கில் சேராது. கொழுந்துக் கூடையைத் தராசில் நிறுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுப்பது போன்றதல்ல அது. தாய் தன் பிள்ளைக்குச் சோறு போடும்போது தராசு வைக்கிறாளா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், முக்கியமாக இளைஞர்களுக்கு. வெட்கமும் தோல்வியும் வந்தால் கோபுரம் ஏறுவதுதான் வழி என்று இந்தக் கதை சொல்லவில்லை. சாக வேண்டாம், நீ செய்ய வேண்டிய வேலை இன்னும் இருக்கிறது என்று பிடித்து நிறுத்தியதே கதை. மனம் உடைந்தால் அம்மாவிடம் சொல்லுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். பிடித்துக்கொள்ள மனுஷக் கைகளும் உண்டு.

பாட்டு பிறந்தது

முதல் பாட்டைப் பாடிய அருணகிரியார் பிறகு மௌனமாக அமர்ந்தார். பேச்சை அடக்கிச் சும்மா இருக்கும்படி முருகன் உபதேசித்ததாகச் சொல்வார்கள். பின் திருச்சிக்குப் பக்கத்திலே வயலூருக்குப் போனார். அங்கே அருள் பெற்ற பிறகு பாட்டு மடை திறந்தாற்போல் வந்தது. திருப்பரங்குன்றம், திருச்செந்தூர், பழனி, சுவாமிமலை, திருத்தணி, பழமுதிர்சோலை என்ற ஆறு படைவீடுகளையும் பாடினார். கடல் கடந்து இலங்கையில் இருக்கும் கதிர்காமத்தையும் திருக்கோணமலையையும் பாடினார். ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு சந்தம். தாளம் தெரியாதவன்கூடத் தொடையைத் தட்டுவான். கந்தரலங்காரம், கந்தரந்தாதி, 51 பாடல்கள் கொண்ட கந்தரநுபூதி, வேல் விருத்தம், மயில் விருத்தம் என்று நூல்கள் வேறு.

அவர் 16,000 பாடல்கள் பாடினார் என்பது வழக்கு. நம் கைக்குக் கிடைத்தவை சுமார் 1,300. அவையும் ஓலைச் சுவடிகளில் பூச்சி அரித்துக் கிடந்தன. வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை என்ற நீதித்துறை உத்தியோகஸ்தர் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து, 1894-இல் முதல் பாகத்தை அச்சில் கொண்டுவந்தார். இரண்டாம் பாகம் 1901-இல் வந்தது. அவருடைய மகன் வ. சு. செங்கல்வராய பிள்ளை உரை எழுதினார். ஒருத்தர் வாழ்வு மீண்ட மாதிரியே, அவருடைய பாட்டும் அழிவின் விளிம்பிலிருந்து மீண்டது.

நமக்கெல்லாம் ஆச்சரியம் தருவது இதுதான். இவ்வளவு புகழ் வந்த பிறகும் அவர் தம் பழைய குற்றங்களை மறைக்கவில்லை. பாட்டுக்குப் பாட்டு அதைச் சொல்லிச் சொல்லித்தான் முருகன் பெருமையைச் சொல்கிறார். அவ்வளவு குற்றத்தையும் அவர் ஒருவரே செய்திருக்க வேண்டியதில்லை, நமக்காகவும் சேர்த்துத்தான் அழுகிறார் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வதுண்டு.

அறுபடாத காது

அருள் பெற்றவர் எப்படி நடந்துகொண்டார்? அதற்கும் ஒரு கதை உண்டு. தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் பெரும் புலவர். தம்மோடு வாதிட்டுத் தோற்ற புலவர்களின் காதை அறுத்துவிடுவாராம். அருணகிரியாரோடும் வாது நடந்தது. அருணகிரியார் கந்தரந்தாதி பாடப் பாட, வில்லியார் உடனுக்குடன் பொருள் சொல்லி வந்தார். 54-ஆம் பாட்டு வந்தது. முழுக்க முழுக்கத் தகர எழுத்துகளாலேயே ஆன பாட்டு. வில்லியார் திகைத்து நின்றார். பந்தயப்படி அவர் காது அருணகிரியார் கையில். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அருணகிரியாரோ காதை அறுக்கவில்லை. பாட்டுக்குத் தாமே பொருள் சொன்னார். இனி யாருக்கும் இந்தக் கொடுமையைச் செய்ய வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

கோபுரத்தடியில் தாம் வாங்கியதை அவர் சபையிலே திருப்பிக் கொடுத்தார். தன்னைத் தாங்கிய கை எப்படிப்பட்டது என்று தெரிந்தவனுக்கு இன்னொருவன் காதை அறுக்கக் கை வருமா?

நம் வீட்டுக்கு வருவோம்

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். என் தகப்பனார் குடிகாரர். பள்ளியில் எனக்குப் பரிசு கொடுத்த அன்றும் அவர் வரவில்லை. கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனை நடக்கும்போது வெளியே, இருட்டிலே, வேலி ஓரமாக நிற்பார். உள்ளே வர யோக்கியதை இல்லை என்று நினைத்திருந்தார். ஒரு நாள் பஜனை பாடும் கிழவர் ஒருவர் எழுந்து போய், ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்து அழைத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்தார். கையில் தாளத்தைக் கொடுத்தார். திருப்புகழ் தாளம் தப்பினால் தெரிந்துவிடும், இல்லீங்களா? அதற்காகவே வெள்ளிக்கிழமை குடிக்காமல் வர ஆரம்பித்தார். பிறகு மற்ற நாட்களும் குறைந்தன. நடுவிலே இரண்டு தடவை மறுபடி விழுந்தார். இரண்டு தடவையும் அந்தக் கிழவர் போய்க் கூட்டிவந்தார். என் தாயார் அவரை மன்னித்தார். ஆனால் சம்பளப் பணத்தைக் கடைசிவரை தம் முந்தானையில்தான் முடிந்து வைத்திருந்தார். மன்னிப்பது வேறு, பெட்டிச் சாவியைக் கொடுப்பது வேறு என்பது அந்தப் படிக்காத அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

ஆகையால், அருள் இருக்கிறது என்று சொல்லித் தவறு செய்யலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அருணகிரியார் அழுதது வீணாய்ப் போன வருஷங்களுக்காக. அக்காளின் நகைகள் திரும்பி வந்ததாகக் கதை சொல்லவில்லை. எனக்கும் தகப்பனார் வராத அந்தப் பரிசு நாள் திரும்ப வரவில்லை. அருள் பழைய கணக்கை அழிப்பதில்லை. இனி எழுத ஒரு வெள்ளைத் தாள் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதுவே பெரிய காரியம்.

நம்ம மலையிலே தேயிலைச் செடியை மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டுகிறோம். வெட்டி முடித்த மலையைப் பார்த்தால் வெறும் குச்சிகள்தான். புதிதாகப் பார்ப்பவன் செத்துப்போச்சு என்பான். நமக்குத் தெரியும். வேர் உயிரோடு இருக்கிறது. பனியும் மழையும் பட்டுக் கொழுந்து வரும், முன்னைவிடத் தளதளவென்று வரும். மனிதனையும் அப்படியே பாருங்கள்.

எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரானாலும் இதை ஒப்புக்கொள்வார்: கடவுள் நம்மைக் கைவிடவில்லை, நாமும் ஒருவரை ஒருவர் கைவிடக் கூடாது.

மாணவச் செல்வங்களே, இன்று மேடையில் பேர் கூப்பிடப்பட்டவர்களுக்கு என் வாழ்த்து. பேர் கூப்பிடப்படாதவர்களுக்கும் அதே வாழ்த்து. உங்கள் பாட்டு இன்னும் பிறக்கவில்லை, அவ்வளவுதான். பெற்றோர்களே, கெட்டுப்போனான் என்று நீங்கள் கைகழுவின பிள்ளையோ, தம்பியோ, புருஷனோ இருந்தால், இன்று விழா முடிந்து வீட்டுக்குப் போனதும் அவருக்கும் ஒரு தட்டு வையுங்கள். வேலி ஓரம் இருட்டில் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!