தான் வகுத்த சத்திரசிகிச்சைக்குத் தானே நோயாளியானவர்: மைக்கல் டிபேக்கி

2005 டிசம்பர் 31. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வீட்டில் இருந்து விரிவுரை ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்த 97 வயது முதியவருக்குத் திடீரென நெஞ்சிலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கடும் வலி. வேறு யாரும் மாரடைப்பு என்றுதான் நினைத்திருப்பார்கள். அவருக்கோ இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் உட்சுவர் கிழிந்துவிட்டது என்று புரிந்தது. புரியாமல் எப்படி? அந்த நோயை வகைப்படுத்தியவரும் அதற்கான சத்திரசிகிச்சையை வகுத்தவரும் அவர்தான்.

மைக்கல் டிபேக்கி 1908இல் லூசியானாவில், லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். அம்மாவிடம் சிறுவயதிலேயே தையல் பழகினார். மருத்துவ மாணவராக இருந்தபோது அவர் செம்மைப்படுத்திய உருளைப் பம்ப், பின்னர் இதய-நுரையீரல் இயந்திரத்தின் முக்கிய பாகமானது. இன்று திகனயிலிருந்து குண்டசாலை வழியாகக் கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போய்த் திறந்த இதய சத்திரசிகிச்சை செய்துகொள்பவருக்கும் அந்த இயந்திரம்தான் துணை.

1950களில் செயற்கை நாடி செய்ய நைலோன் துணி தேடிக் கடைக்குப் போனார். நைலோன் முடிந்துவிட்டிருந்தது. கடைக்காரர் கொடுத்த டாக்ரோன் துணியை வாங்கிவந்து மனைவியின் தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்தார். உலகம் முழுக்கப் பழுதான பெருநாடிக்குப் பதிலாக இன்றும் வைப்பது அந்தத் துணிக் குழாயின் வாரிசுகளைத்தான்.

ஆனால் தனக்கென்று வந்தபோது அவர் சத்திரசிகிச்சைக்கு உடன்படவில்லை. உயிர் பிழைத்தும் மூளையோ உடலோ முடங்கிக் கிடக்க நேரும் என்பதே அவருடைய பயம். மூன்று வாரம் வீட்டிலேயே இருந்தார். பிறகு வைத்தியசாலையில் சேர்ந்தும், இதயம் நின்றால் மீட்க வேண்டாம் என்ற பத்திரத்தில் கையெழுத்திட்டார். பெப்ரவரியில் நினைவிழந்தார். மயக்க மருந்து வைத்தியர்கள் கைவைக்க மறுத்தார்கள். நெறிமுறைக் குழு இரவில் கூடி விவாதித்தது. மனைவி கத்ரின் கூட்டத்துக்குள் நுழைந்து, உடனே செய்யுங்கள் என்று நின்றார். பல ஆண்டு சகாவான ஜோர்ஜ் நூன் ஏழு மணி நேரம் சத்திரசிகிச்சை செய்து, கிழிந்த பகுதிக்குப் பதிலாக டாக்ரோன் குழாயைத் தைத்தார்.

தையல் பிடித்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான். (பெருநாடியின் அடிப்பகுதியையே மாற்றும்போது வால்வையும் இதயத்துக்குக் குருதி தரும் நாடிகளின் வாய்களையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும், உலோக வால்வு என்றால் வாழ்நாள் முழுதும் குருதி உறையாதிருக்க மருந்து.) டிபேக்கிக்குச் சிறுநீரகம் இயங்கவில்லை, டயாலிசிஸ். ஆறு வாரம் சுவாச இயந்திரம், தொண்டையில் துளை, குழாய் வழி உணவு, தொற்று. அவர் பயந்ததெல்லாம் ஏறக்குறைய அப்படியே நடந்தது. செலவு 10 இலட்சம் டொலரைத் தாண்டியது.

செப்டெம்பரில்தான் அவர் தேறினார். மெல்ல வேலைக்கும் திரும்பினார். மனைவியின் முடிவு சரியே என்று பின்னர் மகிழ்ந்தார். ஆனால் நினைவு திரும்பாமலே போயிருந்தால் அப்படிச் சொல்ல அவர் இருந்திருக்க மாட்டார். கையெழுத்திட்ட பத்திரம் மட்டும் இருந்திருக்கும். கத்ரினைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

2008 ஏப்ரலில் அமெரிக்க காங்கிரஸின் தங்கப் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார். அதே ஆண்டு ஜூலை 11இல், நூறு வயதுக்கு இரண்டு மாதம் இருக்கையில் காலமானார்.