தங்கம் வந்தது, வாழ்வு போனது!

தங்கம் கிடைத்தால் ஏழை பணக்காரன் ஆவான். ஆனால், தன் மர ஆலையில் தங்கம் கிடைத்ததால் ஒரு பணக்காரர் ஏழை ஆனார்!

அவர் பெயர் ஜான் சட்டர். சுவிட்சர்லாந்து நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1803-ம் ஆண்டு ஜெர்மனியில் காண்டர்ன் என்ற ஊரில் பிறந்தார்.

கடன் தொல்லை

சட்டர், சுவிட்சர்லாந்தில் கல்யாணம் செய்து கொண்டார். மனைவி பெயர் அன்னா. கடை வைத்தார். வியாபாரம் படுத்துவிட்டது. கடன் கழுத்தை நெரித்தது. சிறைக்குப் போக வேண்டிய நிலை வந்தது.

1834-ம் ஆண்டு, மனைவியையும் குழந்தைகளையும் தவிக்க விட்டுவிட்டு, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அப்போது அவருக்கு வயது 31.

போன இடத்தில், பட்டாளத்தில் கேப்டனாக இருந்தவன் என்று சொல்லிக் கொண்டார். அது பொய்! ஆனால் ஊர் நம்பியது.

காட்டில் ஒரு ராஜ்யம்

மிசௌரி, ஓரிகன், ஹவாய், அலாஸ்கா என்று பல இடங்களைச் சுற்றி, 1839-ல் கலிபோர்னியா போய்ச் சேர்ந்தார். அப்போது அது மெக்சிகோ நாட்டின் ஆட்சியில் இருந்தது.

சட்டர் மெக்சிகோ குடிமகன் ஆனார். 1841-ல் கவர்னர் அவருக்குச் சுமார் 48 ஆயிரம் ஏக்கர் நிலம் கொடுத்தார். அதற்குப் புதிய சுவிட்சர்லாந்து என்ற பொருளில் பெயர் வைத்தார். சுற்றிலும் மதில் எழுப்பிக் கோட்டை கட்டினார். கோதுமை விளைந்தது. மாடுகளும் குதிரைகளும் பெருகின.

இந்தச் செல்வம் யாருடைய வியர்வையில் விளைந்தது? அந்த மண்ணின் பூர்வகுடிகள் வியர்வையில்! பலரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கினார். தொட்டியில் கூழை ஊற்றிக் குடிக்கச் செய்தார். எதிர்த்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது.

மின்னிய துகள்

கொலோமா என்ற இடத்தில் ஆற்றங்கரையில் மரம் அறுக்கும் ஆலை கட்டும் வேலை நடந்தது. 1848 ஜனவரி 24-ந் தேதி, மேஸ்திரி ஜேம்ஸ் மார்ஷல், வாய்க்காலில் ஏதோ மின்னுவதைப் பார்த்தார். அதை எடுத்துக் கொண்டு கோட்டைக்கு ஓடினார்.

இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு, திராவகம் ஊற்றிப் பார்த்தார்கள். தராசில் நிறுத்துப் பார்த்தார்கள். சந்தேகமே இல்லை. தங்கம்தான்!

சட்டர் மகிழவில்லை, பயந்தார். ரகசியத்தைக் காக்கும்படி வேலையாட்களிடம் கேட்டுக்கொண்டார். ஆனால் தங்கத்தை மூடி வைக்க முடியுமா?

செய்தி பரவியது. வேலையாட்கள் ஏரையும் ஆலையையும் போட்டுவிட்டு, தங்கம் அரிக்க ஓடினார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்தார்கள். சில ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் பேர் கலிபோர்னியாவுக்கு வந்துவிட்டார்கள். சட்டரின் மாடுகளை அடித்துத் தின்றார்கள். நிலத்தில் குடிசை போட்டுக் கொண்டார்கள்.

மனைவி வந்தாள்

1848-ல் மூத்த மகன் வந்தான். தந்தையின் கடன்களை அடைக்க, நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றான். அப்படிப் பிறந்ததுதான் சாக்ரமெண்டோ நகரம். பிறகு அதுவே கலிபோர்னியாவின் தலைநகர் ஆயிற்று.

1850-ல் அன்னாவும் மற்றப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். 16 ஆண்டுகளுக்குப் பிறகு கணவன் முகத்தைப் பார்த்தாள்! ஆனால் அவள் வந்தபோது செல்வம் கரைந்து கொண்டிருந்தது. 1865-ல் அவர்கள் குடியிருந்த பண்ணை வீடும் தீக்கு இரையாயிற்று.

வாசலில் காத்திருந்தார்

இதற்குள் கலிபோர்னியா அமெரிக்காவின் கைக்குப் போயிருந்தது. நிலத்துக்காகச் சட்டர் கோர்ட்டுக்குப் போனார். 1858-ல் சுப்ரீம் கோர்ட்டு முதல் மானியத்தை ஒப்புக்கொண்டது. பின்னர் கிடைத்த பெரிய மானியம் செல்லாது என்று தீர்ப்புக் கூறியது.

நஷ்ட ஈடு கேட்டு, அமெரிக்கக் காங்கிரசுக்கு மனுப் போட்டார். ஆண்டுக்கு ஆண்டு அலைந்தார். 1880-ல், இந்தத் தடவையும் ஒன்றும் முடிவு செய்யாமல் காங்கிரஸ் கலைந்தது. சில நாட்களில், ஜூன் 18-ந் தேதி, வாஷிங்டனில் ஒரு ஓட்டல் அறையில் சட்டர் இறந்தார். அடுத்த ஆண்டே அன்னாவும் கண்ணை மூடினாள்.

சாக்ரமெண்டோவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். பூர்வகுடிகளுக்கு அவர் இழைத்த கொடுமையை நினைத்து, 2020-ம் ஆண்டு அதை அகற்றிவிட்டார்கள்.

தன் நிலத்தைப் பிறர் பறித்தார்கள் என்று சட்டர் கடைசிவரை புலம்பினார். அந்த நிலம் அவருக்கு முன்னே யாருடையது? அதைத்தான் அவர் எண்ணிப் பார்க்கவில்லை!