சிந்தாமணி தந்த சந்திப்பு

1855-இல் பிறந்த உ. வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று, 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபரில், அந்நகருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை மரியாதை நிமித்தம் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ் முதலியவற்றை அடுக்கிக் கூறியும் முதலியார் வியந்தாரில்லை. சீவகசிந்தாமணியைக் கற்றதுண்டா என வினவினார். இல்லையென்று மறையாது ஒப்புக்கொண்ட ஐயர், அன்றே அதனைக் கற்கத் துணிந்தார்.

சைவ நூல்களில் தோய்ந்த அவருக்குச் சமண மரபுச் செய்திகள் விளங்கவில்லை. அந்நகர்ச் சமணப் பெரியோர் வேற்றுமை பாராது வரவேற்று ஐயம் அகற்றினர். 1887-இல் நச்சினார்க்கினியர் உரையுடன் சிந்தாமணி அச்சேறியது. 1942-இல் மறைந்த ஐயர், தம் வரலாற்று நூலில் அவர்களை நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார்.

ஐயந்தீர நம் வாயிலில் வந்து நிற்கும் அயலாரை நாமும் அவ்வாறே வரவேற்போமாக!