சேர் பிறாங் விற்றில்

விமானம் என்றால் அதன் முன்னே விசிறி சுழல வேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறிஞர் பலரும் கொண்டிருந்த முடிபு. விசிறியின்றியே விண்ணைக் கிழித்தேகும் விமானத்தைத் தமது இருபத்திரண்டாம் வயதிலே மனக்கண்ணிற் கண்டவர் சேர் பிறாங் விற்றில். கண்டதைக் கையில் எடுத்துக்காட்ட அவர் பட்ட பாடு மாணவர் அறியவேண்டியதொன்று.

விற்றில் 1907ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி இங்கிலாந்திலுள்ள கொவென்றி நகரில் ஒரு தொழிலாளி வீட்டிற் பிறந்தார். தந்தையார் பின்னர் லெமிங்ரன் என்னும் ஊரில் எந்திர உறுப்புகள் செய்யும் சிறு பட்டறையொன்றை நடத்தினார். மைந்தர் அங்கே தொழில் பழகினார். உபகாரச் சம்பளம் பெற்றுக் கல்லூரியிற் கற்றார். ஓய்வு நேரத்தில் ஊர் நூல்நிலையத்திலிருந்து விமானத்தைப் பற்றியும் எந்திரங்களைப் பற்றியும் படித்தார்.

1923ஆம் ஆண்டு விமானப்படையின் தொழில் பயிலுநர் பரீட்சையில் அவர் தேறினார். ஆயினும் உயரம் 5 அடியே என்று வைத்திய பரிசோதனையிலே தள்ளப்பட்டார். சோர்ந்தாரல்லர். விடாது தேகப்பயிற்சி செய்து 3 அங்குலம் வளர்ந்து மீண்டும் சென்றார். ஒருமுறை தள்ளுண்டவரைச் சேர்ப்பதில்லை என்றனர். மூன்றாம் முறை வேறு பெயரால் விண்ணப்பித்து உட்புகுந்தார். அச்செயலை நாம் மாணவர்க்கு விதியாகச் சொல்லமாட்டோம்; அதன் பின்னின்ற உறுதியையே சொல்வோம்.

கிறான்வெல் என்னுமிடத்தில் மூன்றாண்டு தொழில் பயின்ற அவருடைய திறமையைத் தலைவர் கண்டுகொண்டமையால், 1926இல் அதிகாரிகளைப் பயிற்றும் கல்லூரியில் இடங்கிடைத்தது. அங்கே 1928இல் அவர் எழுதிய கட்டுரை விமானங்களின் வருங்காலத்தைப் பற்றியது. அக்காலப் போர்விமானங்கள் மணிக்கு 200 மைலையும் எட்டாதிருக்க, அவரோ 500 மைல் வேகத்தை ஆராய்ந்தார். மிக உயரத்திற் காற்றின் அடர்த்தி குறைவு; ஆதலின் விமானத்துக்குத் தடையும் குறைவு. ஆனால் அம்மெல்லிய காற்றிலே விசிறியின் வலிமை குன்றும். இதற்கு விடை யாது?

அடுத்த ஆண்டு விடை பிறந்தது. காற்றை உள்ளிழுத்து அமுக்கி, அதில் எண்ணெயை எரித்தால், சூடேறிய வாயு பின்புறமாகப் பாயும். பாயும் வழியில் அது ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அச்சக்கரமே முன்னுள்ள அமுக்கியை இயக்கும். எஞ்சிய வாயு பின்னோக்கிச் சீற, விமானம் முன்னோக்கி உந்தப்படும். ஊதிய பலூனின் வாயை விட்டதும் அது பறக்கிறதன்றோ? தத்துவம் அதுவே.

விமான அமைச்சின் நிபுணர் இதனை ஏற்கவில்லை. அத்தகைய வெப்பத்தைத் தாங்கும் உலோகம் அன்றில்லை என்பது அவர்கள் கூறிய தடைகளுள் ஒன்று. விற்றில் 1930 சனவரியில் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்துப் பெற்றுக்கொண்டார். 1935இல் அதனைப் புதுப்பிக்க 5 பவுண் வேண்டியிருந்தது. குடும்பச் சுமையுள்ள அவரிடம் அப்பணமில்லை. அமைச்சும் கொடுக்க மறுத்தது. உரிமை கைநழுவிற்று.

அவ்வேளையிற் பழைய நண்பர் இருவர் துணைவந்தனர். 1936இல் பவர் ஜெற்ஸ் என்னும் சிறு கம்பனி தோன்றிற்று. அப்போது கேம்பிரிட்ஜிற் கற்றுக்கொண்டிருந்த விற்றில் அவ்வாண்டே முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். 1937 ஏப்பிரில் 12ஆந் திகதி றக்பி நகரத் தொழிற்சாலையில் எந்திரம் முதன்முறை இயங்கியது. இயங்கியது மட்டுமன்று, எண்ணெயை அடைத்த பின்னும் அடங்காது வீரிட்டு வேகம் ஏறிற்று. உடனின்றோர் ஓடினர். அச்சத்தால் உறைந்தும் விற்றில் நின்ற இடத்தில் நின்றார். எரியறையில் எண்ணெய் கசிந்து தேங்கியதே காரணமெனப் பின்னர் கண்டு திருத்தினார்.

இதற்கிடையில் ஜேர்மனியில் ஹான்ஸ் வொன் ஓகைன் தனித்து முயன்றார். அவரது எந்திரம் பூட்டிய ஹைங்கல் விமானம் 1939 ஓகஸ்ட் 27இல் உலகின் முதல் ஜெற் விமானமாகப் பறந்தது. விற்றிலின் எந்திரந் தாங்கிய குளொஸ்ரர் விமானம் 1941 மே 15ஆந் திகதி மாலையில் எழுந்து 17 நிமிடம் பறந்தது. பறந்த இடம் அவர் முன்பு வேறு பெயரால் நுழைந்த அதே கிறான்வெல்! 1944 யூலையில் மீற்றியர் ஜெற் போர்விமானங்கள் படையிற் சேர்ந்து, ஓகஸ்டில் ஆளில்லாப் பறக்குங் குண்டுகளை வீழ்த்தின. ஜேர்மனியரின் மெசர்ஷ்மிற் 262உம் அவ்வாண்டே போரிற் புகுந்தது. விற்றிலின் வழிவந்த றோல்ஸ் றோய்ஸ் எந்திரங்கள் சில போரின்பின் இரசியாவுக்கு விற்கப்பட, அவற்றைப் பின்பற்றிய எந்திரங்களோடு மிக் 15 விமானங்கள் எழுந்தன.

1944இல் கம்பனியை அரசு எடுத்துக்கொண்டது. விற்றில் தம் பங்குகளை மனமுவந்து நாட்டுக்கு விட்டுக்கொடுத்தார். ஓயா உழைப்பால் உடல் நலிந்து 1948இல் படையினின்றும் விலகினார். அவ்வாண்டிலேயே சேர் பட்டமும் 100,000 பவுண் பரிசும் கிடைத்தன. 1976இல் அமெரிக்கா சென்றார். ஒருகாலத்தில் எதிர் நாட்டவரான ஓகைன் அங்கே அவருக்கு நண்பரானார். 1991இல் இருவரும் ஒரே பரிசைப் பகிர்ந்தனர். 1996 ஓகஸ்டில் விற்றில் காலமானார். அவரது சாம்பல் கிறான்வெல் தேவாலயத்தில் வைக்கப்பட்டது.

அவரை மறுத்தவர்கள் அறிவிலிகளல்லர். அன்று கையிலிருந்த உலோகத்தை வைத்து அவர்கள் அளந்தனர். நாளை வரப்போகும் உலோகத்தை வைத்து அவர் அளந்தார். மாணவர் இதனை மனத்திற் கொள்க. ஆசிரியராகிய நாமும், முன் நிற்கும் சிறுவனை எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.