நூற்றுப் பன்னிரண்டடி விண்ணப்பம்

செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்துள்ள கோழியாளம் என்னும் சிற்றூரில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைக் கடந்து, ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசனார். பின்னாளில் திவான் பகதூர் என்று அரசு பட்டம் அளித்தது. நம் மக்களோ தாத்தா என்றே அழைத்தனர். இவ்வெள்ளி விழா மலரைக் கையிலேந்தும் இளைஞர்கள் அப்பெருந்தகையின் படத்தைச் சங்கக் கட்டடங்களிலும் ஊர்வலங்களிலும் கண்டிருப்பார்கள். அன்னார் செய்தது யாது என வினவினால், வட்டமேசை மாநாட்டிற்குச் சென்றவர் என்ற அளவில் பலர் நின்றுவிடுகின்றனர். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைச் சற்று விரித்துரைக்க விழைகின்றோம்.

கோயம்புத்தூரில் அவர் கல்வி பயின்ற பள்ளியில் ஏறத்தாழ நானூறு மாணவர் இருந்தனர். அவர்களுள் பத்துப் பேரைத் தவிர ஏனையோர் பிராமணர். தம் குலம் வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால், மணி அடிக்கும் வரை அவர் வெளியே ஓரிடத்தில் அமர்ந்து பாடம் படிப்பார். மணி அடித்தபின் வகுப்பினுள் நுழைவார். முப்பதாண்டுகளாகப் பள்ளி மணியோசையுடன் வாழ்ந்து வரும் நமக்கு, அம்மணிக்காக ஒரு சிறுவன் சுவரோரம் காத்திருந்த காட்சி மனத்தைவிட்டு அகல்வதில்லை. கல்விக்குப் பின் நீலகிரியில் வெள்ளையர் வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றினார். 1890இல் சென்னை வந்தார். பேரறிஞர் அயோத்திதாசப் பண்டிதர் இவருடைய சகோதரியின் கணவர் என்பது பலரும் அறிந்ததே.

1891இல் பறையர் மகாசன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். எப்பெயரால் இழித்துரைத்தார்களோ அப்பெயரையே இதழின் முகப்பில் பொறித்தமை, அக்காலத்தில் நம்மவர் சிலருக்கே உவப்பாக இல்லை. பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்க இயலாது என்பது அவர் கொண்ட உறுதி. பள்ளிச் சுவரோரம் ஒளிந்திருந்த சிறுவன் அவ்வளவு தொலைவு நடந்து வந்துவிட்டான்.

இனி விண்ணப்பத்திற்கு வருவோம். ஆங்கிலப் பேரரசின் ஆட்சிப்பணியாகிய ஐ.சி.எஸ். தேர்வு அதுகாறும் இலண்டனில் மட்டுமே நடைபெற்று வந்தது. அதனை இந்தியாவிலும் ஒரே வேளையில் நடத்துதல் வேண்டும் என்று 1893 ஜூன் திங்களில் பிரிட்டிஷ் பொதுச்சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. காங்கிரசார் நெடுநாள் கேட்டுவந்தது இதுவே. நாட்டின் படித்த வகுப்பார் மகிழ்ந்தனர். சீனிவாசனாரோ எதிர்த்தார்.

இன்றைய இளைஞருக்கு இது வியப்பளிக்கலாம். நாட்டுப்பற்றில்லாச் செயல் என்று எழுதியோரும் உண்டு. அவருடைய கணக்கு வேறு. பள்ளிக்கூட வாயிலே நம் பிள்ளைகளுக்குத் திறவாத அந்நாளில், இங்கே தேர்வு நடந்தால் அதில் வெல்வோர் எவர்? தலைமுறை தலைமுறையாக ஏட்டைக் கையில் வைத்திருந்தவரே. அவர்களே மாவட்ட ஆட்சியராகவும் நீதிபதியாகவும் அமர்ந்தால், சேரியிலிருந்து எழும் முறையீடு எவ்விடத்தில் செவிமடுக்கப்படும்? அவர் அஞ்சியது ஊர்த் தெருவின் அதிகாரம் ஆட்சியர் நாற்காலியிலும் ஏறிவிடும் என்பதற்கே. அவ்வச்சத்தை நாம் தவறென்று கூறத் துணியோம்.

அக்காலத்தில் நம்மவர்க்கு வாக்கு இல்லை. சட்டசபையில் நம் பெயரால் பேச ஓர் ஆள் இல்லை. சுவிட்சர்லாந்து நாட்டில் பதினெட்டுத் திங்களுக்குள் ஓர் இலட்சம் குடிமக்கள் கையெழுத்திட்டால், அரசியலமைப்பைத் திருத்தும் கோரிக்கையையே மக்கள் வாக்கெடுப்பிற்கு விட்டாக வேண்டும் என்று இன்று விதி உள்ளது. அவ்வாறான விதி எதுவும் நமக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இருந்தது விண்ணப்பம் ஒன்றே. 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திற்கு ஒரு விண்ணப்பத்தைச் சீனிவாசனார் அனுப்பிவைத்தார். அதில் கையொப்பமிட்டோர் 3,412 பேர். தாளின் நீளம் 112 அடி. வகுத்துப் பார்த்தோம், அடிக்கு ஏறத்தாழ முப்பது பேர். எழுத்தறிவு அரிதாயிருந்த ஒரு சமூகத்தில் இத்தனை பேரைத் தேடிச் சென்று, கோரிக்கையை விளக்கி, ஒவ்வொருவரும் ஒப்பமிடச் செய்வதற்கு எத்தனை நாள் நடந்திருப்பார்கள்! அவருக்குத் துணை நின்ற தொண்டர்களின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை.

அத்தேர்வு இந்தியாவில் உடனே நடத்தப்படவில்லை. 1922இல்தான் இங்கும் நடக்கத் தொடங்கியது. அதற்கு நம் விண்ணப்பமே காரணம் என்று பெருமை பேசுவது மிகை. இந்திய அரசாங்கத்திற்கும் அதனை மறுக்கத் தன்னலமான காரணங்கள் இருந்தன. ஆயினும் வாக்கற்ற மக்கள், தம்மை ஆளும் விதியைப் பற்றித் தம் பெயரிட்டுக் கருத்துரைத்த நிகழ்ச்சி என்ற அளவில் அதன் சிறப்புக் குறையாது.

1900ஆம் ஆண்டில் இலண்டன் செல்லும் நோக்குடன் புறப்பட்டவர், இடையில் ஆப்பிரிக்காவிலேயே தங்க நேரிட்டது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அங்கே காந்தியடிகளுடன் பழகினார். அவருக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்றுக்கொடுத்தவர் இவரே என்பர். 1920ஐ ஒட்டித் தாயகம் திரும்பினார்.

திரும்பியபோது சென்னை மாகாணத்தில் சட்டமன்றத் தேர்தல் நடைமுறைக்கு வந்திருந்தது. ஆனால் வாக்குரிமை சொத்தையும் வரியையும் ஒட்டியது. நிலமற்ற மக்களுக்கு அதில் இடமேது? எனவே தாழ்த்தப்பட்டோர் சார்பில் சிலரை ஆளுநரே நியமித்தார். 1923இல் சீனிவாசனார் அவ்வாறு நியமிக்கப்பெற்றுச் சட்டமன்றம் புகுந்தார். தம்மை அனுப்பியவர் மக்களல்லர், ஆளுநர் என்பதை அவர் ஒருநாளும் மறந்தவரல்லர். அக்குறையே பின்னாளில் இலண்டனில் அவர் முன்வைத்த கோரிக்கைக்கு வித்தாயிற்று.

1924 ஆகஸ்டு 22 அன்று அவர் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். எந்த நகரிலும் சிற்றூரிலும் பொதுச் சாலை, தெரு, நடைபாதை ஆகியவற்றில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் நடந்து செல்வதற்குத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்களைப் போலவே அவர்களும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. செப்டம்பர் 25 அன்று அரசாணையாக வெளிவந்தது. தீர்மானத்தில் தடுப்போர்க்குத் தண்டனை இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் உள்ளாட்சிச் சட்டங்கள் திருத்தப்பெற்று, தடுப்போர்க்கு அபராதம் விதிக்க வழி பிறந்தது.

சாலையில் நடக்கச் சட்டமா என்று நம் மாணவர் சிலர் நகைப்பதுண்டு. 1990களின் நடுவில் நாம் பணியேற்ற ஓர் ஊரில், தேநீர்க் கடையில் நமக்கெனத் தனிக்குவளை கூரையில் செருகப்பட்டிருந்தது. ஆணை பிறந்து எழுபதாண்டுகள் ஆகியும் அந்நிலை. நாம் அக்கடையில் தேநீர் பருகுவதை விட்டோம். அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. புகார் எழுதிக் கையொப்பமிட்டிருக்கலாம். எழுதவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

1930இல் அண்ணல் அம்பேத்கருடன் சீனிவாசனார் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்றார். அப்போது அவர் எழுபதை எட்டியவர். அண்ணலுக்கோ நாற்பதுகூட நிரம்பவில்லை. இருவரும் இணைந்து அளித்த பாதுகாப்புத் திட்டத்தில், தாழ்த்தப்பட்டோர் தம் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும். வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்கு வேண்டும். முதற் பத்தாண்டுகளுக்குத் தனித்தொகுதி வேண்டும். அதன்பின் இட ஒதுக்கீட்டுடன் கூட்டுத்தொகுதி போதும் என்று கண்டிருந்தது. தனித்தொகுதியை என்றென்றைக்கும் கேட்டனர் என்று கூறுவோர் இவ்வரியைப் படித்தாரல்லர். சொத்துள்ளவன் வாக்கிலும் ஆளுநர் நியமனத்திலும் நம் குரல் அடங்கிவிடலாகாது என்பதே அதன் கருத்து.

1932 ஆகஸ்டில் வெளியான வகுப்புவாரித் தீர்ப்பு, தாழ்த்தப்பட்டோர்க்கு 71 தனி இடங்களை அளித்தது. அத்தொகுதிகளில் நம்மவர் மட்டுமே வாக்களிப்பர். பொதுத்தொகுதியிலும் அவர்களுக்கு ஒரு வாக்கு உண்டு. காந்தியடிகள் எரவாடாச் சிறையில் செப்டம்பர் 20 அன்று உண்ணாநோன்பு தொடங்கினார். 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அண்ணலுடன் சீனிவாசனாரும் எம்.சி. ராஜாவும் கையொப்பமிட்டனர். இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்திற்கு 30. ஆனால் இறுதி வாக்கு எல்லாச் சாதியாருக்கும் பொதுவாயிற்று. ஒவ்வோர் ஒதுக்கீட்டு இடத்திற்கும் முதலில் நம் வாக்காளர் மட்டும் கூடி நால்வரைத் தெரிந்தெடுப்பர். அந்நால்வருள் ஒருவரைப் பொதுவாக்காளர் தேர்வர். இம்முதனிலைத் தேர்தலும் பத்தாண்டுகளுக்கு மேல் நீடிக்காது என்பது நிபந்தனை.

தோல்வியா வெற்றியா என்று இன்றும் நம் கூட்டங்களில் வழக்காடுகின்றனர். நம் கருத்து இது: இடங்கள் இருமடங்காயின, தெரிவோர் கை தளர்ந்தது. நால்வரைத் தெரியும் உரிமை நமக்கு, அவருள் ஒருவரை ஏற்கும் உரிமை பிறர்க்கு. 112 அடித் தாளில் தம் மக்களைத் தாமே ஒப்பமிடச் செய்த முதியவர், அவ்வொப்பந்தத்தில் எத்தகைய மனத்துடன் கையெழுத்திட்டிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறோம். ஓர் உயிர் போய்க்கொண்டிருந்தது. நாடெங்கும் சேரிகள்மீது பழி விழும் அச்சம் இருந்தது. வேறு செய்ய வழியில்லை.

1936இல் திவான் பகதூர் பட்டம் பெற்றார். 1939இல் தம் வாழ்க்கைச் சுருக்கத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18 அன்று இயற்கை எய்தினார்.

1951-52இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில், சொத்தும் வரியும் கேளாமல், 21 வயது நிரம்பிய அனைவரும் வாக்குரிமை பெற்றனர். கோழியாளத்து மக்களும் வாக்களித்தனர். தாத்தா மறைந்து அப்போது ஆறாண்டுகள் கடந்திருந்தன.