குறி தவறாத ஆனி ஓக்லி
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கணவனும் மனைவியும் ஒரே தொழிலில் இருந்து, மனைவியின் திறமை ஓங்கியது கண்டு கணவன் மனமகிழ்ந்து ஒதுங்கி நின்ற வரலாறுகள் உலகில் மிகச் சில. அவற்றுள் ஒன்று அமெரிக்க நாட்டுத் துப்பாக்கி வீராங்கனை ஆனி ஓக்லி அம்மையாரின் வரலாறு. எங்கள் பரளச்சிப் பக்கம் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர் எவரும் இரார். ஆனால் அவர் பிறந்து வளர்ந்த வறுமையை எங்கள் ஊரில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஓகையோ மாநிலத்தில் டார்க் என்னும் வட்டாரம். அங்கே ஒரு மரக்குடிலில் 1860ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் ஆனி பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஃபீபி ஆன் மோசி. பனிப்புயலில் சிக்கி வீடு திரும்பிய தந்தை நோயில் விழுந்து 1866இல் இறந்தார். வீடு நிறையப் பிள்ளைகள். தாய்க்குக் கூலி வேலை. பத்து வயதை ஒட்டிய பருவத்தில் சிறுமி ஆனி ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்டாள். தையல் வேலை அங்கேதான் கைவந்தது. பின்னர் ஒரு குடியானவர் வந்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பள்ளிக்கும் அனுப்புகிறோம் என்று சொல்லி அழைத்துப் போனார். பள்ளியும் இல்லை, கூலியும் இல்லை. விடியுமுன் எழுந்து இரவு வரை வேலை. தூங்கி விழுந்தால் அடி. ஒரு நாள் வெறுங்காலோடு பனியில் நிறுத்தியும் வைத்தார்கள். அக்குடும்பத்தின் பெயரை ஆனி சாகும் வரை வெளியிடவில்லை. ஓநாய்கள் என்று மட்டுமே குறிப்பிட்டு வந்தார்.

அங்கிருந்து ஓடித் தப்பி வந்தவருக்குத் துணையாயிற்று தந்தை விட்டுச் சென்ற பழைய துப்பாக்கி. காடை முதலிய பறவைகளைச் சுட்டு, கிரீன்வில் நகரக் கடைக்காரருக்கு விற்றார். அவர் சுட்ட பறவைக்குத் தலையில்தான் காயம் இருக்கும், கறியில் ஈயக்குண்டு கிடக்காது என்பதால் சின்சின்னாட்டி நகர விடுதிகள் வரை அதற்குக் கிராக்கி. (எங்கள் பக்கத்திலும் ஒரு காலத்தில் கௌதாரிக்குக் கண்ணி வைத்தவர்கள் உண்டு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்திற்குப் பிறகு அது குற்றம்.) பதினைந்து வயதில் தாயின் வீட்டின் மீதிருந்த அடமானக் கடனை இந்தப் பணத்தால் தீர்த்தார். அம்மையார் பின்னாளில் பெற்ற பதக்கங்கள் அனைத்தையும் விட இதுவே பெரிது என்பது என் எண்ணம். அடகு வைத்த நிலத்தை மீட்ட வீட்டில் பிறந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பிராங்க் பட்லர் என்பவர் அயர்லாந்தில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா வந்தவர். ஊர் ஊராகச் சென்று துப்பாக்கி வித்தை காட்டுபவர். உள்ளூரில் என்னை வெல்ல யார் உண்டு என்று பந்தயம் கட்டுவார். சின்சின்னாட்டியில் அவர் எதிரே வந்து நின்றது ஐந்தடி உயரப் பெண் ஒருத்தி! இருபத்தைந்து இலக்குகளில் பிராங்க் ஒன்றைத் தவறவிட்டார். ஆனி ஒன்றையும் தவறவிடவில்லை. இது நடந்தது 1875 என்பர் சிலர், 1881 என்பர் சிலர். எப்படியாயினும் தோற்றவர் வென்றவரையே மணந்துகொண்டார். 1882இல் பிராங்கின் கூட்டாளி நோயுற்றபோது அவர் இடத்தில் ஆனி மேடையேறினார். மக்கள் யாரைப் பார்க்க வருகிறார்கள் என்பது பிராங்குக்கு விரைவில் விளங்கிவிட்டது. தாம் சுடுவதை விட்டுவிட்டு மனைவிக்கு இலக்குப் பிடிப்பவராக, துப்பாக்கி பார்ப்பவராக, கணக்கெழுதுபவராக, கடிதம் எழுதுபவராக மாறினார். பள்ளி காணாத மனைவி படிக்கவும் எழுதவும் தேறியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

1885இல் இருவரும் பஃபலோ பில் நடத்திய புகழ்பெற்ற காட்சிக் குழுவில் சேர்ந்தனர். ஒரே நாளில் மேலே எறியப்பட்ட 5,000 கண்ணாடி உருண்டைகளில் 4,772 உருண்டைகளை ஆனி உடைத்ததும் அதே ஆண்டில்தான். முப்பது தப்படி தூரத்தில் சீட்டை விளிம்பாகத் திருப்பிப் பிடித்தாலும் இரண்டாக வெட்டுவார். செவ்விந்தியர் தலைவர் சிட்டிங் புல் அவரை மகளாகவே ஏற்று, குறி தவறாத சிறுமி என்ற பொருளில் பெயரிட்டார். 1894இல் எடிசனின் படப்பிடிப்புக் கூடத்தில் அவர் சுடுவது படமாகவும் எடுக்கப்பட்டது.

நான் இந்த வரலாற்றில் நின்று கவனித்த இடம் வேறு. 1887இல் விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டில் குழு இலண்டன் சென்றது. அங்கே புறாச் சுடும் போட்டியில் ஆனி அம்மையாரின் குறி தடுமாறிற்று. சார்லஸ் லங்காஸ்டர் என்ற துப்பாக்கித் தொழிலாளர் காரணத்தைக் கண்டார். அவர் தூக்கிய துப்பாக்கி ஏழு பவுண்டுக்கு மேல் எடை. கட்டையின் வளைவும் அவர் தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்தவில்லை. லங்காஸ்டர் தையற்காரரைப் போல அளவெடுத்து, குழல் சிறுத்த 20 போர் துப்பாக்கிகளைச் சுமார் 6 பவுண்டு எடையில், அதாவது 2.7 கிலோவில் செய்து கொடுத்தார். குறி மீண்டது.

எடை குறைந்ததுதான் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. நியூட்டனின் மூன்றாம் விதியை நாம் பாடமாகப் படித்திருக்கிறோம். குண்டு முன்னே செல்லும் உந்தமும் துப்பாக்கி பின்னே உதைக்கும் உந்தமும் சமம். அதே தோட்டாவை வைத்துக்கொண்டு துப்பாக்கியின் எடையைப் பாதியாக்கினால், பின்னுதைப்பின் வேகம் இரு மடங்கு; உதைக்கும் ஆற்றலும் இரு மடங்கு. லங்காஸ்டரின் துப்பாக்கி இலேசானது, தோட்டாவும் சிறியது. இரண்டும் சேர்ந்ததால்தான் பயன் கிடைத்தது. கைத்துப்பாக்கி எளிதாகக் கிடைக்கும் நாடுகளில், சுடுதளத்தில் மனைவி பழகட்டும் என்று விரும்பும் கணவர்கள் கடையில் உள்ளவற்றுள் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுப்பதுண்டு. பெண் கைக்குச் சிறியது போதும் என்பது அவர்கள் கணக்கு. சிறிய கைத்துப்பாக்கியோ முரட்டுத்தனமாக உதைக்கும். பிடியில் சுண்டுவிரலுக்கு இடமிராது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் குறைவாதலால் கை ஒரு நூல் அசைந்தாலும் இலக்கில் பெரும் பிழையாகும். மனைவி இரண்டு முறை சுட்டு வெறுத்துப் போவாள். பழி பெண்மை மீது விழும்! சற்றே எடையுள்ள, சிறு தோட்டா போடும், அவள் விரல் விசையை எட்டும் துப்பாக்கியை அவளே எடுத்துப் பார்த்துத் தேர்வதுதான் பௌதிகத்துக்குப் பொருந்தும்.

எந்தத் துப்பாக்கி சிறந்தது என்று கேட்டவர்களுக்கு எல்லார்க்கும் சிறந்தது என்று ஒன்று கிடையாது, அவரவர்க்குப் பொருந்துவதே சிறந்தது என்பதே ஆனி அம்மையாரின் கருத்தாக இருந்தது. இது எங்கள் ஊர்ப் பட்டறைக்குத் தெரியாததன்று. என் தாயார் களையெடுக்கப் போகும் களைக்கொத்துக்கு என் தந்தையார் தம் கைக்கு அளவு பார்த்துக் காம்பு போட்டதில்லை. அம்மாவை அழைத்துப் போய், அவர் கையில் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொல்லி, பிறகே ஆசாரியைச் செதுக்கச் சொல்வார். எழுத்தறியாத அவர் செய்ததும் லங்காஸ்டர் செய்ததும் ஒரே காரியம். பயிற்சி முகாம் ஒன்றில் .22 ரைபிளை நான் முதன்முதல் தோளில் வைத்தபோது கட்டை என் கைக்கு நீளம். கழுத்தை நீட்டித்தான் குறி பார்க்க முடிந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர்பிஸ்டலில் வெண்கலம் வென்ற மனு பாக்கர் போன்றோர் கைக்கு ஏற்பச் செதுக்கிய மரப்பிடியோடு சுடுவதைப் பார்க்கும்போது, இந்தச் சிறு விஷயம் சிறு விஷயமன்று என்று தோன்றுகிறது.

பெண்கள் துப்பாக்கி பிடிப்பது அடக்கமின்மை என்று எண்ணிய காலத்தில் அம்மையார் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். அவரிடம் பயின்ற பெண்கள் 15,000 பேருக்கு மேல் என்பர். தனியே செல்லும் பெண் கைத்துப்பாக்கியைக் கைப்பையின் அடியில் போட்டால் ஆபத்தில் எடுக்க நேரமிராது என்று சொல்லி, குடைக்குள் மறைத்துப் பிடிக்கும் விதத்தையும் செய்து காட்டினார். 1898இல் ஐம்பது பெண் வீரர்களைத் திரட்டித் தருவதாகக் குடியரசுத் தலைவர் மக்கின்லிக்கு எழுதினார். 1917இல் மீண்டும் ஒரு பெண்கள் படை அமைக்க முன்வந்தார். இரண்டும் ஏற்கப்படவில்லை.

1901இல் குழு சென்ற இரயில் விபத்துக்குள்ளாகி அவர் முதுகில் பலத்த அடிபட்டது. 1903இல் அதைவிடப் பெரிய அடி. போதைப் பொருளுக்காகத் திருடிச் சிறை சென்றதாக ஒரு சிகாகோ நாளேடு அவர் பெயரைப் போட்டுச் செய்தி வெளியிட்டது. பிற ஏடுகளும் அதை எடுத்துப் போட்டன. பிடிபட்டவள் அவர் பெயரை வைத்துக்கொண்ட வேறொருத்தி. அம்மையார் ஐம்பத்தைந்து வழக்குகள் தொடுத்து, ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக நீதிமன்றம் ஏறி, ஐம்பத்து நான்கில் வெற்றி கண்டார். கிடைத்த பணம் செலவுக்கே சரியாயிற்று. தாயின் அடமானத்தை மீட்டவர் தம் பெயரையும் அப்படியே மீட்டார்.

பிற்காலத்தில் வடகரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் என்னும் ஊரில் கணவரோடு இருந்து பெண்களுக்குச் சுடப் பழக்கினார். பதக்கங்களை உருக்கி விற்று மருத்துவ நிலையம் ஒன்றுக்குக் கொடுத்தார். ஆதரவற்ற பெண்கள் சிலரின் படிப்புச் செலவையும் ஏற்றார். 1922இல், அறுபத்தோராம் வயதில், தொடர்ந்து 100 இலக்குகளை வீழ்த்தினார். அதே ஆண்டு கார் விபத்தில் இடுப்பும் காலும் முறிந்தன. இரும்புத் தாங்கி பூட்டிய காலோடு மீண்டும் துப்பாக்கி எடுத்தார்.

1926 நவம்பர் 3ஆம் நாள் கிரீன்வில் நகரில் ஆனி ஓக்லி அம்மையார் மறைந்தார். ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் உடன் வாழ்ந்த பிராங்க் அதன்பின் உணவு கொள்ளவில்லை என்பர். பதினெட்டாம் நாள் அவரும் போய்ச் சேர்ந்தார். ஓகையோவில் பிராக் என்னும் சிற்றூரின் கல்லறைத் தோட்டத்தில் இருவர் கற்களும் பக்கம் பக்கமாக நிற்கின்றன.