பியூக் காரைப் படைத்தவர் குமாஸ்தாவாக முடிந்த கதை

1928-ம் ஆண்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளி. அங்கே விவரம் கேட்டு வருவோருக்குப் பதில் சொல்லும் குமாஸ்தா வேலையில் ஒரு முதியவர் இருந்தார். மெலிந்த உடல். வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

வெளியே தெருவில் ஓடிய கார்கள் பலவற்றில் அவருடைய பெயர்தான் பொறிக்கப்பட்டிருந்தது. அவர்தான் டேவிட் டன்பார் பியூக்.

குளியல் தொட்டி

ஸ்காட்லாந்தில் ஆர்பிராத் என்ற ஊரில் 1854-ல் பிறந்தவர் பியூக். 2 வயதில் பெற்றோருடன் அமெரிக்காவுக்கு வந்தார். 5 வயதில் தந்தையை இழந்தார். 15 வயதில் படிப்பை விட்டுவிட்டு, குழாய்ச் சாமான்கள் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் கம்பெனி நொடித்தது. 1882-ல் ஒரு நண்பருடன் சேர்ந்து பியூக்கே அதை எடுத்து நடத்தினார். இரும்புக் குளியல் தொட்டிக்கு வெள்ளை எனாமல் பூசும் முறையைக் கண்டார். பணம் குவிந்தது.

கரைந்த லட்சம்

ஆனால், அவர் மனம் பெட்ரோல் என்ஜினில் லயித்துவிட்டது. தொட்டித் தொழிலை 1 லட்சம் டாலருக்கு விற்றார். அத்தனையும் சோதனையில் கரைந்தது. கடன் ஏறியது.

பலன் கிடைக்காமல் இல்லை. வால்வுகளை என்ஜினின் தலைப்பகுதியில் வைத்து, கூடுதல் சக்தி தரும் என்ஜினை அவரும் அவருடைய பொறியாளர்களும் உருவாக்கினார்கள்.

1903-ல் பியூக் மோட்டார் கம்பெனி பிறந்தது. ஆனால் கம்பெனி கடன் கொடுத்தவர் கைக்குப் போய், அவரிடமிருந்து பிளின்ட் நகர வண்டித் தொழிற்சாலைக்காரர்களுக்கு விற்கப்பட்டது. 1904-ல் வெளிவந்தவை 37 கார்கள்தான்.

அந்த ஆண்டே வில்லியம் துரந்த் என்பவர் நிர்வாகத்தை ஏற்றார். விற்கத் தெரிந்தவர் அவர். 1908-ல் 8 ஆயிரத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன. அந்தப் பலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியையே துரந்த் தொடங்கினார்.

பெயர் மட்டும் மிச்சம்

பெயரைக் கொடுத்த பியூக்கோ சில ஆண்டுகளில் வெளியேறிவிட்டார். கலிபோர்னியாவில் எண்ணெய்த் தொழில், புளோரிடாவில் நில வியாபாரம் – இரண்டிலும் நஷ்டம். 1921-ல் லொரெய்ன் மோட்டார்ஸ் என்ற கார் கம்பெனிக்குத் தலைவரானார். அதுவும் விரைவில் மூடப்பட்டது.

கடைசியில் டெட்ராய்ட் திரும்பி, தொழிற்பயிற்சிப் பள்ளியில் சம்பளத்துக்கு அமர்ந்தார். பியூக் கார் வாங்க வசதியில்லை. வீட்டில் டெலிபோன்கூட இல்லை. ஆனாலும் யாரையும் குறை சொல்லாமல் வேலைக்குப் போய் வந்தார். 1929 மார்ச் 5-ந் தேதி, 74-வது வயதில் காலமானார்.

பொருளைச் செய்வது ஒரு திறமை. அதன் பலனைக் கைக்குள் வைத்துக்கொள்வது வேறு திறமை. பியூக்கிடம் முதலாவது மட்டுமே இருந்தது. அவர் பெயர் தாங்கிய கார்களோ இன்றும் ஓடுகின்றன.